சாக்ஸுக்குள் வந்த கண்ணாடி உருண்டைகள்

சவுக்குக் கிளைக்கும் கண்ணாடி உருண்டைக்கும் ஒத்துப்போகாது. இதை எங்கள் வீட்டில் யாரும் ஒத்துக்கொண்டதில்லை. இராஜாக்கமங்கலம் கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு கிளையை வெட்டிக் கொண்டுவந்து, மணல் நிரப்பிய பெயிண்ட் வாளியில் நட்டு, வாளியைச் சுற்றி வர்ணத்தாள் ஒட்டினால் அதுதான் கிறிஸ்மஸ் மரம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சவுக்கின் இலை நூல் மாதிரி. எதைத் தொங்கவிட்டாலும் வழுக்கிக் கீழே வரும். கீழே சிமெண்டுத் தரை. உருண்டையோ முட்டை ஓட்டைவிட மெலிசு. ஒவ்வொரு டிசம்பரிலும் ஒன்றாவது உடையும். உடைத்தது காற்றாகவே இருந்தாலும் திட்டு எனக்குத்தான் விழும்.

பிளாஸ்டிக் மரம் வாங்கிவிடலாம் என்று நான் பலமுறை சொன்னேன். நாகர்கோவில் கடைகளில் நவம்பர் பிறந்ததும் பச்சை மரங்கள் வரிசையாக வந்து நின்றுவிடும். குடை மாதிரி விரித்தால் மரம், மடக்கினால் பரணுக்குப் போய்விடும். அம்மா ஒரே பதிலைத்தான் சொல்வாள்.

"நீ வேணும்னா பிளாஸ்டிக்குல சோறு பொங்கித் தின்னு. எனக்கு மரம்னா மரம் வேணும்."

எங்கள் பக்கத்துக் கிறிஸ்மஸ் அலங்காரத்துக்கு யாரும் வரலாறு எழுதிவைக்கவில்லை. வெள்ளைக்கார மிஷனரிகள் ஆலயத்தோடு சேர்த்து மரத்தையும் கொண்டுவந்தார்களா, அது தனியாகப் பின்னால் வந்ததா, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்து முதலில் இருந்தது குருத்தோலைத் தோரணமும், மூங்கில் சிம்பில் கட்டி வர்ணத்தாள் ஒட்டிய நட்சத்திரமும். அதை எங்கள் ஊரில் ஸ்டார் என்றுதான் சொல்வோம். நட்சத்திரம் என்பது வேதப்புத்தகத்தில் மட்டும் வரும்.

கண்ணாடி எங்கள் வீட்டுக்குள் வந்தது அப்பாவால். அவருக்குக் கரண்டு வேலை. ஃபியூஸ் போன குண்டு பல்புகளை எங்கிருந்தெல்லாமோ பொறுக்கி வருவார். பல்பின் அடியில் இருக்கும் கருப்புப் பூச்சை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்து, உள்ளே இருக்கும் கம்பியையும் கண்ணாடித் தண்டையும் உடைத்துக் கொட்டி, கழுவிக் காயவைத்து, உள்ளே வெள்ளிப் பெயிண்டை ஊற்றிச் சுற்றிச் சுற்றி உருட்டுவார். மிச்சப் பெயிண்டைத் தகர டப்பாவில் வடித்துவிட்டால், அதுவரை எவன் வீட்டுக் கக்கூஸிலோ எரிந்துகொண்டிருந்த பல்பு பளபளவென்று கிறிஸ்மஸ் அலங்காரம் ஆகிவிடும். அழகாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். பல்பின் கனத்தில் சவுக்குக் கிளை தரையைத் தொட்டுவிடும். அக்காவும் நானும் அதற்கு முட்டுக்கொடுக்க விளக்குமாற்றுக் குச்சி தேடி அலைவோம். தம்பி அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான். ஒருமுறை பல்பைக் கடிக்கப் போய் அடி வாங்கினான்.

அக்கா நர்சிங் படித்துவிட்டு ஜெர்மனிக்குப் போனாள். போன முதல் டிசம்பரில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. பிரித்தால் ஒரு ஜோடி கம்பளிச் சாக்ஸ். ஒன்றுக்குள் இன்னொன்று. அதற்குள் ஒரு கண்ணாடி உருண்டை. சிவப்பு நிறம், உச்சியில் பித்தளை மூடி, மூடியில் ஒரு கம்பி வளையம். எடுத்தால் கையில் கனமே இல்லை. அப்பா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயிண்ட் வெளியே அடித்ததா உள்ளேயா என்பதுதான் அவருக்குக் கவலை.

அடுத்த கடிதத்தில் அக்கா அதற்குப் பதில் எழுதியிருந்தாள். மலைக்காட்டுக்குள் ஒரு சின்ன ஊருக்கு அவளோடு வேலை செய்கிறவர்கள் அவளை அழைத்துப் போயிருக்கிறார்கள். அங்கே வீட்டுக்கு வீடு கண்ணாடி ஊதுவார்களாம். கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டி, இளகியதும் வாயால் ஊதினால் பலூன் மாதிரி விரியுமாம். அது ஆறியதும் உள்ளே வெள்ளி கரைத்த நீரை ஊற்றிக் குலுக்கி, பிறகு வெளியே சாயத்தில் முக்கி, ஆணி அடித்த பலகையில் கவிழ்த்துக் காயவைப்பார்களாம். முன்காலத்தில் மரத்தில் ஆப்பிளையும் கொட்டைகளையும்தான் தொங்கவிடுவார்கள் என்றும், ஆப்பிள் வாங்க வழியில்லாத ஒரு கண்ணாடிக்காரன் தன் பிள்ளைகளுக்காகக் கண்ணாடியிலேயே ஆப்பிள் ஊதிக் கொடுத்தான் என்றும், அதில்தான் இதெல்லாம் தொடங்கியது என்றும் அங்கே சொல்கிறார்களாம். உண்மையோ கதையோ, அதை வைத்தே பிழைப்பு ஓடுகிற ஊர்க்காரர்கள் சொன்னால் நாமும் தலையாட்டத்தானே வேண்டும். கடிதத்தின் கடைசியில், அப்பா செய்ததுதான் சரி, இங்கேயும் வெள்ளியை உள்ளேதான் ஊற்றுகிறார்கள் என்று எழுதியிருந்தாள். அப்பா அந்த ஒரு வரியை ஆலயத்தில் நாலு பேரிடம் சொன்னார்.

நான் பிறகு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் ஆனேன். சோதனைக் குழாய்க்குள் வெள்ளி கண்ணாடியாகப் படிவதைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டும்போதெல்லாம் அக்காவின் உருண்டைதான் நினைவுக்கு வரும். ஆனால் அதை வகுப்பில் சொன்னதில்லை. சொன்னால், டீச்சருக்கு அக்கா ஃபாரின்ல இருக்காங்களாம் என்று பிள்ளைகள் பேனா கேட்கும்.

ஒவ்வொரு டிசம்பரும் ஒரு உருண்டை வந்தது. பச்சை, நீலம், பைன் காய் மாதிரி ஒன்று, பறவை மாதிரி ஒன்று. எல்லாமே அக்கா போட்டுத் தேய்ந்த சாக்ஸுக்குள். புதுச் சாக்ஸ் ஒருநாளும் வந்ததில்லை. பெட்டி வந்ததும் அம்மா உருண்டையை எடுத்து என்னிடம் நீட்டிவிட்டுச் சாக்ஸை முகத்தில் வைத்துக்கொள்வாள். பிறகு அதைக் காலில் மாட்டிக்கொள்வாள். அம்மாவின் கால் எப்போதும் சில்லிட்டிருக்கும். அடுத்த பெட்டி வரும்வரை அந்தச் சாக்ஸ்தான். எங்கள் வீட்டில் உருண்டை மரத்துக்கு, சாக்ஸ் அம்மாவுக்கு.

அப்பா போனார். தம்பி மஸ்கட்டுக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டான். அக்கா அங்கேயே வேலை பார்த்து, ஓய்வுபெற்று, அங்கேயே தனியாக இருந்தாள். எனக்குக் கல்யாணம் நடக்கவில்லை. அதைப் பற்றிப் பேச இது இடமில்லை. அம்மாவும் நானும் வீட்டில் இருந்தோம். அம்மா முன்னறை ஜன்னல் பக்கத்து நாற்காலியில். நான் மற்ற எல்லா இடங்களிலும்.

போன செப்டம்பரில் அக்கா தன் வீட்டு மாடிப்படியில் விழுந்தாள். மூளையில் ரத்தம் கசிந்துவிட்டதாம். பக்கத்து வீட்டுத் தோழி பார்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. தோழி தம்பிக்குச் சொன்னாள். தம்பி எனக்குச் சொன்னான். நான் பள்ளிக்கூட வராந்தாவில் நின்றிருந்தேன். அழ வாயைத் திறக்கும் முன்பே அவன் அடுத்ததைச் சொல்லிவிட்டான்.

"சின்னக்கா, அம்மைக்குத் தெரியாண்டாம். கேட்டியா? அவளுக்க ஹார்ட்டு பாதிகூட வேலை செய்யல்லன்னு டாக்டர் சொன்னாருல்லா. சொன்னா இவளும் போயிருவா."

"பின்ன எப்பிடிலே மறைக்க?"

"நான் யோசிச்சாச்சு. தொண்டையில ஆபரேஷன், பேசப்பிடாதுன்னு சொல்லு. மெசேஜ் வருகுன்னு நீயே வாசிச்சுக் காட்டு."

உடலைக் கொண்டுவர வேண்டாம் என்பதையும் அவன்தான் முடிவு செய்தான். கொண்டுவந்தால் அம்மாவிடம் எதைச் சொல்லி மறைப்பது? அவனுக்கு விசா கிடைக்க நாளாகும் என்றார்கள். எனக்கோ பாஸ்போர்ட்டே இல்லை. மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு முடிவெடுப்பது சுலபம். முடிவோடு ஒரே வீட்டில் இருக்கப்போகிறவள் நான். ஆனாலும் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கும் அம்மா போய்விடுவாளோ என்ற பயம்தான்.

அடக்கத்தை நான் போனில் பார்த்தேன். மதியம், அம்மா தூங்கிய நேரம், வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு. அங்கே லேசாக மழை தூறியது. கருப்புக் கோட்டுப் போட்டவர்கள் கொஞ்சம் பேர் நின்றார்கள். ஒரு சின்னக் கரண்டியை மாற்றி மாற்றி வாங்கி மண் போட்டார்கள். யாரும் சத்தமாக அழவில்லை. அங்கே அப்படித்தான் போலிருக்கிறது. இங்கே நானும் சத்தம் போட முடியாது. எங்கள் அக்காவை ஒருவர்கூட வாய்விட்டு அழாமல் குழிக்குள் இறக்கினோம். உள்ளேயிருந்து "ஏட்டி, தண்ணி" என்று அம்மா கூப்பிட்டாள். போனை அணைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுபோனேன்.

தெருவுக்குச் சொல்லியாக வேண்டும். ஆலயத்தில் துக்கச் செய்தி வாசிக்காமல் தடுக்க வேண்டும். வீடு வீடாகப் போய், எங்க அம்மையிடம் சொல்லிராதிய என்று கெஞ்சினேன். துட்டி கேட்க, துக்கம் விசாரிக்க, கிளம்பி வந்த பெண்களைக் கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினேன். போதகரை மட்டும் தடுக்க முடியவில்லை. முட்டுவலிக்கு ஜெபம் பண்ண வந்ததாகச் சொல்லி அம்மாவின் தலையில் கைவைத்தார். ஆறுதல், பிரிவு, நித்திய வீடு என்று ஜெபம் நீண்டுகொண்டே போனது. நான் பின்னால் நின்று இருமினேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

அதன்பிறகு நான் அக்கா ஆனேன். தினமும் சாயங்காலம் போனைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா எழுதாத செய்திகளை வாசித்தேன். இன்று கஞ்சி குடித்தேன். டாக்டர் நல்லாயிருக்கிறது என்றார். அம்மா மாத்திரையைச் சரியாகப் போட வேண்டும். அம்மா கேட்டுக்கொண்டு இருந்துவிட்டுப் பதில் சொல்வாள், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்லு, கழுத்தில் துணி சுற்றச் சொல்லு என்று. அவள் பார்த்துக்கொண்டிருப்பதால் நான் நிஜமாகவே எழுதி அனுப்பியாக வேண்டும். அக்காவின் எண்ணுக்குப் போன அந்தச் செய்திகள் எல்லாவற்றிலும் ஒற்றை டிக்தான் நிற்கிறது. இன்னும் நான் அழிக்கவில்லை.

இப்படி நவம்பர் வரை பூசி மெழுகிவிட்டேன். டிசம்பர் பிறந்ததும்தான் ஸ்டார் வந்து குறுக்கே நின்றது.

எங்கள் பக்கத்தில், அந்த வருடம் சாவு விழுந்த வீட்டில் ஸ்டார் தொங்கவிடுவதில்லை. பலகாரம் சுடுவதில்லை, மரம் வைப்பதில்லை. தெரு முழுக்க விளக்கு எரியும்போது ஒரு வீடு மட்டும் இருட்டாக இருந்தால் பஸ்ஸில் போகிற அயலூர்க்காரனுக்கும் விஷயம் புரிந்துவிடும். அக்கம்பக்கத்தார் தங்கள் வீட்டில் சுட்ட முந்திரிக்கொத்திலும் அச்சுமுறுக்கிலும் ஒரு பங்கை மூடி எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவார்கள். செத்தவரைப் பற்றிப் பேசி, கூட உட்கார்ந்து அழுதுவிட்டு வருவார்கள். சாவுக்கு வர முடியாதவர்களும் அப்போது வந்து துட்டி கேட்டுவிடுவார்கள். ஸ்டார் எரிகிற வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.

முதல் தேதி சாயங்காலம் எதிர்வீட்டில் ஸ்டார் எரிந்தது. பக்கத்து வீட்டில் எரிந்தது. அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நம்ம வீட்டுல ஸ்டார் போடலியா?" என்றாள்.

என் முகத்தையே பார்த்தாள். நான் குனிந்து கொசுவர்த்திக்குத் தீ வைத்தேன்.

"பள்ளிக்கூடத்துல பரீட்சை வேலைம்மா. நாளைக்குப் போடுகேன்."

மறுநாள் போட்டேன். போட்ட உடனே எதிர்வீட்டு மதினி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். சின்ன வயதிலிருந்து எங்கள் எல்லாரையும் அறிந்தவள். அக்காவும் அவளும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். என்னைக் கேட்டுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? கூடப்பிறந்தவ மண்ணுக்குள்ள போயி ஈரம் காயல்ல. அதுக்குள்ள ஸ்டாரா?"

"அம்மா கேட்டா மதினி. போடல்லன்னா தெரிஞ்சிரும்."

"ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு எதையாம் சொல்லட்டும். எனக்கு அம்மை வேணும்."

மதினி ஸ்டாரைப் பார்த்தாள். கடையில் வாங்கிய எல்.ஈ.டி. ஸ்டார் அது. பச்சை, சிவப்பு, நீலம் என்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரம் எரிந்துகொண்டு சும்மா இருக்கலாம் என்ற மரியாதைகூட அதற்குத் தெரியாது. மதினி தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

ஸ்டார் போட்டாயிற்று என்றால் மற்றதும் நடந்தாக வேண்டும். பலகார வாசம் வராவிட்டால் அம்மாவின் மூக்கு கண்டுபிடித்துவிடும். நான் தனியாக உட்கார்ந்து முறுக்குப் பிழிந்தேன். வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் போகிற பையன்களிடம் போய், எங்கள் வீட்டுக்கும் டிரம்மோடு வர வேண்டும் என்று கேட்டேன். துக்க வீட்டில் டிரம் அடிக்க மாட்டோம் டீச்சர் என்றார்கள். என்னிடம் படித்தவர்கள். கும்பிட்டுக் கேட்டேன். வந்தார்கள்.

பொழுது சாய்ந்த நேரம். எங்கள் தெருவில்தான் ஆரம்பம். பாடினார்கள், ஆனால் ஒருவரும் தலை நிமிரவில்லை. டிரம் அடித்தவன் விரல் நுனியால் தட்டினான். கிறிஸ்மஸ் தாத்தா வேடம் போட்டவன் மட்டும் ஆடியாக வேண்டும். சிரிக்கிற முகமூடியோடு அவன் கையையும் காலையும் அசைத்தது ஆட்டமாகவே இல்லை. அம்மா அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா ஆடு மக்கா. வந்த வேலையைச் செய்யணும்லா?"

அவன் முகமூடிக்குள்ளிருந்து "சரி பாட்டி" என்றான். குரல் உடைந்திருந்தது. நான் அவன் கையில் மிட்டாய்ப் பொட்டலத்தைத் திணித்து வெளியே அனுப்பினேன். அம்மா எதற்கு அப்படிச் சொன்னாள் என்று அன்று நான் யோசிக்கவில்லை.

கடைசியாகப் பெட்டி. டிசம்பர் பாதிக்குள் அக்காவிடமிருந்து பெட்டி வர வேண்டும். கடைகளில் எல்லாம் பிளாஸ்டிக் உருண்டைகள். அட்டைப் பெட்டியில் டஜன் கணக்கில் அடைத்து வைத்திருக்கிறார்கள். கீழே போட்டால் குதிக்கும். அம்மா நகத்தால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், குட்டு உடைந்துவிடும். இண்டர்நெட்டில் தேடினேன். வடக்கே எங்கேயோ கையால் ஊதிச் செய்தது என்று போட்டு ஒன்று இருந்தது. நல்ல ஊதா நிறம். வரவழைத்தேன். வந்ததும் லேப்பில் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளி உள்ளேதான் இருந்தது. யாரோ ஒருவன் மூச்சு முட்ட ஊதியதுதான். அதில் குறையொன்றும் இல்லை. ஒரு ஜோடி கம்பளிச் சாக்ஸை நாகர்கோவிலில் அலைந்து வாங்கி, சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பத் துவைத்து, துவைக்கிற கல்லில் குதிகால் பக்கம் தேய்த்துப் பழசாக்கினேன். போன வருடப் பெட்டியையே எடுத்து, உள்ளே வைத்து, டேப் ஒட்டினேன். இப்படி ஒரு சாமர்த்தியத்தை நான் உருப்படியான எந்தக் காரியத்திலும் காட்டியதில்லை.

அம்மா பெட்டியைப் பிரித்தாள். உருண்டையை என்னிடம் நீட்டினாள். சாக்ஸை முகத்தில் வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டாள்.

"சாக்ஸ் புதுசு போல."

"ரிட்டயர் ஆயிட்டால்லாம்மா. புதுசா வாங்கியிருப்பா."

"ம்" என்று மட்டும் சொன்னாள். அதை மடித்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அந்தச் சாக்ஸை அவள் காலில் போடவே இல்லை. பழையதும் ஓட்டை விழுந்துபோயிருந்தது. அந்த டிசம்பர் முழுக்க அம்மாவின் கால் வெறுங்காலாகத்தான் இருந்தது. நான் அதையும் பார்த்தும் பாராததுபோல் இருந்தேன்.

இருபத்துநாலாம் தேதி காலையில் சவுக்கு வந்தது. வாளியில் நட்டேன். உருண்டைகள் இருக்கும் தகரப் பெட்டியை அம்மாவின் மடியில் வைத்தேன். அவள் எடுத்துக் கொடுக்க, நான் தொங்கவிட வேண்டும். எல்லா வருடமும் அப்படித்தான். அம்மா மூடியைத் திறந்தாள். சிவப்பு, பச்சை, பறவை, பைன் காய் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். ஊதா உருண்டையைக் கையில் எடுத்தாள்.

"இத எங்க வாங்கின?"

"நெட்டுல" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்குத் தெரிந்தது. அத்தனை மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்ததை ஒரே வார்த்தையில் கொட்டிவிட்டேன். அம்மா கோபப்படவில்லை. உருண்டையைப் பஞ்சில் திரும்ப வைத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. கண்ணாடிதான்" என்றாள். பிறகு, "அவ எப்ப செத்தா?" என்றாள்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மாவின் மாத்திரை எங்கே இருக்கிறது என்றுதான் என் புத்தி முதலில் தேடியது.

"செப்டம்பர்லம்மா."

"போதகர் வந்தாரே, அப்பமா?"

"அதுக்குக் கொஞ்சம் முன்ன."

"நெனச்சேன். முட்டுவலிக்கு யாராம் அவ்வளவு நேரம் ஜெபம் பண்ணுவாவளா?"

"பின்ன ஏம்மா நீ கேக்கல்ல?"

"கேட்டா நீ சொல்லுவியா? தம்பிகிட்ட கேட்டுட்டுல்லா சொல்லுவ." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நான் செத்துருவேன்னு ரெண்டு பேரும் பயந்து நடுங்குகிய. பிள்ளைய பயப்படாண்டாம்னு நானும் தெரியாத மாதிரி இருந்துட்டேன். ஆனா இனி என்னால ஆவாது மக்ளே. எனக்க மவ செத்துப்போயிருக்கா. ஒரு ஆளு வந்து துட்டி கேக்கல்ல. வாசல்ல ஸ்டார் எரிஞ்சா யாரு வருவா? போ, போயி அத எறக்கு."

முக்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். நல்ல வெயில். தெருவில் எல்லா வீட்டிலும் எண்ணெய்ச் சட்டி வாசம். எதிர்வீட்டு மதினி வாசலில் அடுப்பு வைத்து அச்சுமுறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள். நான் முக்காலியில் ஏறி, கொக்கியிலிருந்து ஸ்டாரை அவிழ்த்து, வயரைப் பிடுங்கினேன். திரும்பினால் மதினி எழுந்து நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி வைத்துவிட்டு, சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தாள்.

அவள் பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். யார் யாருக்குச் சொன்னார்கள் என்று தெரியாது. நான் கேட்டில் மறித்துத் திருப்பி அனுப்பிய அத்தனை பேரும் வந்தார்கள். முன்னறை முழுக்கத் தரையில் உட்கார்ந்தார்கள். மதினி அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு, அக்காவின் சின்ன வயதுப் பட்டப்பெயரைச் சொல்லிக் கத்தி அழுதாள். அந்தப் பெயரை நான் மறந்தே போயிருந்தேன். அம்மா அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். அம்மா இன்னும் அழவில்லை. அவளுக்குக் கேட்க வேண்டியவை இருந்தன. என்னைப் பக்கத்தில் வரச் சொன்னாள்.

"மண்ணு யாரு போட்டா?"

"அவளுக்க கூட்டுக்காரி. பின்ன, கூட வேலை பாத்தவங்க கொஞ்ச பேரு."

"நம்ம ஆளு ஒருத்தருமில்லியா?"

"இல்லம்மா."

"ஏன் இஞ்ச கொண்டு வரல்ல?"

அறையில் எல்லாரும் அழுகையை நிறுத்திவிட்டார்கள். பொய் சொல்லிப் பழகிய வாயில் அன்று ஒரு பொய்யும் வரவில்லை.

"கொண்டு வந்தா ஒனக்குத் தெரிஞ்சிரும்னு."

அம்மா கையை ஓங்கித் தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். மதினி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒரு பதிலுக்குத்தான் அவள் இதயம் நின்றுவிடும் என்று நான் நினைத்தேன். நிற்கவில்லை. பிறகு, வேறு யாரோ பேசுவதுபோல் மெதுவாகக் கேட்டாள்.

"நீயாவது பாத்தியா?"

"போன்ல பாத்தேன். துவைக்கிற கல்லுல இருந்து."

"அழுதியா?"

"இல்லம்மா."

"ஏன்?"

"நீ உள்ள தூங்கிட்டு இருந்த. முழிச்சிருவியோன்னு."

அம்மா மடியிலிருந்த தகரப் பெட்டியைத் தரையில் இறக்கி வைத்தாள். என் தலையைப் பிடித்து இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "ஒனக்கும் அக்காதானட்டி" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். அத்தனை மாதத்தில் அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. எனக்கும்தான் அது நினைவில் இல்லை. இனி அழலாம் என்று தெரிந்தது. ஆனால் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

அம்மாதான் அடியெடுத்துக் கொடுத்தாள்.